எங்கட பக்கமா, ரோட்டுப் பக்கமா?

கனகபுரத்தில் எங்களுக்கு ஒரு மாமி இருக்கிறார். இரத்த உறவு இல்லை. 2009 இல் செட்டிகுளம் முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர், அன்றிலிருந்து மாமிதான். மகன் சுவிஸில், மகள் கனடாவில். சனிக்கிழமை பின்னேரம் ஏழரைக்கு இரண்டு பேரும் சேர்ந்து வீடியோ கோல் எடுப்பார்கள். மாமி அதற்கென்று முகம் கழுவி, விபூதி பூசி, வெளிச்சம் விழுகிற கதிரையில் ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுவார். போன மாதம் ஒரு சனி மத்தியானம் எனக்குக் கோல் எடுத்தார்.

“தம்பி, மூண்டு நாளா நெற் இல்லை. பத்துத் தரம் நிப்பாட்டிப் போட்டுட்டன். கம்பனிக்கு எடுத்தா வைஃபை பாஸ்வேர்ட மாத்திப் பாக்கச் சொல்லினம். வைஃபை நிறையத்தானே காட்டுது, பிறகேன் நெற் வரேல்லை?”

கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். (பரந்தன் பக்கம் போன், கொம்பியூட்டர் திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. திருத்த வருகிறவர்களில் பாதிப் பேர் ரவுட்டரைச் சாப்பிங் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள், அதில் பெரும்பாலும் ஒரு பிழையும் இருக்காது.) மாமி வீட்டு ரவுட்டரில் பவர் லைற் பச்சை, வைஃபை லைற் பச்சை. எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கிற லைற் மட்டும் சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொடாமல் அதன் பின்பக்கத்தில் இருந்து போகிற மஞ்சள் வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். மேசைக்குக் கீழால் போய், சுவர் ஓரமாக ஓடி, இரும்பு அலுமாரிக்குப் பின்னால் மறைந்தது. அலுமாரி சுவரோடு ஒட்டி நின்றது. புதன்கிழமை வீடு கழுவும்போது தள்ளியதாம். இரண்டு பேர் சேர்ந்து நான்கு அங்குலம் முன்னுக்கு இழுத்தோம். அலுமாரியின் மூலைக்கும் சுவருக்கும் இடையில் அந்த வயர் வெற்றிலையை மடித்த மாதிரி மடிந்து கிடந்தது. மெதுவாக எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளையமாக விட்டேன். சிவப்பு அணைந்தது. பச்சை கொஞ்ச நேரம் சிமிட்டி, பிறகு நின்று எரிந்தது.

அவ்வளவுதான் வேலை. ஆனால் மாமி கேட்ட கேள்வி சரியான கேள்வி. “வைஃபை நிறையக் காட்டுது, பிறகேன் நெற் இல்லை?” அதற்குப் பதில் தெரிந்தால் முக்கால்வாசிப் பிரச்சினையை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். கம்பனிக்குக் கோல் எடுத்தாலும் பாட்டுக் கேட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, தேவையில்லாத ஒன்றைச் செய்யச் சொல்லிக் கேட்டு வைக்க வேண்டியதில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதலாவது, வைஃபை என்பது உங்கள் போனுக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையில் இருக்கிற தொடர்பு மட்டும். வயரை வெட்டி எறிந்தாலும் வைஃபை அடையாளம் நிறையத்தான் காட்டும், பெட்டிக்குக் கரண்ட் இருந்தால் போதும். ரவுட்டர் என்று நாங்கள் சொல்கிற அந்தப் பெட்டிக்கு இரண்டு முகம். ஒன்று வீட்டைப் பார்த்த முகம், மற்றது ரோட்டைப் பார்த்த முகம். வீட்டு முகத்துக்கு நாங்கள் பொறுப்பு. ரோட்டு முகமும் அதற்கு அங்கால் உள்ள எல்லாமும் கம்பனியின் பொறுப்பு. பிழை வந்தால் முதல் கேள்வி, எந்த முகத்தில் பிழை என்பதுதான்.

ஃபைபர் லைன் என்றால் அந்த மஞ்சள் வயருக்குள் செம்பு இல்லை, கண்ணாடி. தலைமயிர் அளவு கண்ணாடி நூல், அதன் நடுவில் ஒளி ஓடுகிற பகுதி 9 மைக்ரோன்தான், ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கம்பனியின் நிலையத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வருகிறது. எங்கள் பெட்டி பதிலுக்கு வேறொரு நிறத்து ஒளியை அதே நூலில் திருப்பி அனுப்புகிறது. நூல் வளைந்து போகலாம், ஆனால் மடியக்கூடாது. மடித்தால் அந்த இடத்தில் ஒளி பக்கவாட்டில் வெளியேறிவிடும், பெட்டிக்கு ஒளி வந்து சேராது, எல்ஓஎஸ் லைற் சிவப்பாகும். கொஞ்ச நாள் மடிந்தே கிடந்தால் கண்ணாடி வெடித்தும் போகும், அப்படிப் போனால் வயரை மாற்றத்தான் வேண்டும். மாமிக்கு நல்ல காலம், வெடிக்கவில்லை. இன்னொன்று, அந்த வயரைக் கழற்றினால் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள். ஒளி தெரியாது என்பதால் ஒளி இல்லை என்று அர்த்தம் இல்லை. நுனியில் விரலும் படக்கூடாது, ஒரு சொட்டு வியர்வை போதும் ஒளியை மறைக்க.

கம்பனி நிலையத்தில் இருந்து வருகிற ஒரு நூலை வழியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் 32 ஆகவோ 64 ஆகவோ பிரித்து வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பிரிப்பானுக்குக் கரண்ட் தேவையில்லை, வெறும் கண்ணாடி வேலை. ஒளியை இரண்டாகப் பிரித்தால் பாதியாகும், நான்காகப் பிரித்தால் கால்வாசி, 32 என்றால் எங்கள் வீட்டுக்கு வருவது அந்த ஒளியின் முப்பத்திரண்டில் ஒரு பங்கைவிடக் குறைவு. இந்த ஒளியின் அளவைக் கம்பனிக்காரர் தங்கள் திரையில் பார்க்கலாம். மைனஸ் போட்டு ஒரு எண் இருக்கும். மைனஸ் 20 அளவில் இருந்தால் நல்லது, மைனஸ் 27 ஐத் தாண்டிப் போனால் வீட்டுப் பெட்டிக்கு ஒளி பிடிபடாது. அதனால் கோல் எடுக்கும்போது “நெற் வேலை செய்யேல்லை” என்று மட்டும் சொல்லாமல், “என்ர லைனில ஒளி அளவு எத்தனை காட்டுது எண்டு பாத்துச் சொல்லுங்கோ” என்று கேளுங்கள். கேட்ட உடனேயே அந்தப் பக்கம் கதைக்கிறவரின் குரல் மாறும். பாஸ்வேர்ட் கதை நிற்கும்.

சிவப்பு லைற் இல்லை, ஒளியைக் காட்டுகிற பச்சை லைற் நிற்காமல் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் அது வேறு விசயம். ஒளி வருகிறது, ஆனால் கம்பனி அந்தப் பெட்டியை இன்னும் அடையாளம் காணவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தொடர் இலக்கம் உண்டு, அது கம்பனிப் பதிவில் உங்கள் பெயருக்கு நேரே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பழுதாகாத பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது என்று வாங்கி வந்து கொழுவினால் வேலை செய்யாததற்கு இதுதான் காரணம். எத்தனையோ பேர் அப்படிக் கொழுவிப் பார்த்துவிட்டு, சரிவராமல் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஒளியும் சரி, அடையாளமும் சரி என்றால் அடுத்தது இன்ரநெற் என்று போட்டிருக்கிற லைற். பல கம்பனிகளில் ரவுட்டர் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போக வேண்டும், எங்களுக்குத் தெரியாமல் பெட்டியே அதைச் செய்துகொள்ளும். கம்பனி பார்த்து, பில் கட்டியிருக்கிறதா, எந்தப் பக்கேஜ் என்று பார்த்து, ஒரு ஐபி முகவரி, அதாவது நெற்றில் உங்கள் வீட்டுக்கான இலக்கம், கொடுக்கும். முகவரி கிடைத்தால்தான் அந்த லைற் எரியும். ஆக ஒளி லைற் பச்சையாக நின்று எரிந்து, இன்ரநெற் லைற் மட்டும் எரியவில்லை என்றால் வயரை இழுத்துப் பார்க்க வேண்டாம். பில்லைப் பாருங்கள், பிறகு கம்பனிக்கு எடுங்கள். பெட்டியின் பின்னால் உள்ள சின்னத் துளைக்குள் ஊசி குத்தி ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள். சில பெட்டிகளில் அந்தப் பயனர் பெயரும் சேர்ந்து அழிந்துவிடும், பிறகு ஆள் வரும் வரைக்கும் இருக்க வேண்டியதுதான்.

முகவரி என்று சொன்னேன். வீட்டில் மாமியின் போன், ரிவி, பேரனின் லப்டொப் என்று ஐந்தாறு சாமான் இருக்கும், எல்லாவற்றுக்கும் ரவுட்டர் 192.168 என்று தொடங்குகிற ஒரு முகவரி கொடுக்கிறது. அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற முகவரி. உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கும், என் வீட்டிலும் இருக்கும், பிரச்சினை இல்லை. வெளியே போகும்போது ஐந்தாறு சாமானும் கம்பனி கொடுத்த ஒரே முகவரியில்தான் போகின்றன. அப்படியென்றால் திரும்பி வருகிற பதில் யாருக்கு என்று எப்படித் தெரியும்?

97, 98 இல் நாங்கள் இடம்பெயர்ந்து வவுனியா குருமன்காட்டில் இருந்தோம். வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் ஒரு கொமினிகேசன் கடை, அந்தக் கடைக்கு ஒரே நம்பர்தான். அம்மா அங்கே போய் லண்டனில் இருக்கிற மாமாவுக்கு எடுத்து, “திருப்பி எடு” என்று சொல்லி வைத்துவிடுவார். கடைக்காரர் கொப்பியில் நேரமும் பெயரும் எழுதுவார். மாமாவின் கோல் வந்தால் கொப்பியைப் பார்த்துவிட்டு, கடைப் பெடியன் சைக்கிளில் வந்து எங்கள் படலையில் மணி அடிப்பான். வெளியில் இருந்து பார்த்தால் அந்தத் தெருவே ஒரு நம்பர். உள்ளே யாருக்கு என்பது கொப்பியில் மட்டும்தான் இருந்தது. ரவுட்டர் செய்வதும் இதே வேலை. நாட் என்று சொல்கிற இந்த முறை 1994 இல் எழுத்தில் வந்தது. வெளியே போகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பிக் குறிப்பு, பதில் வந்தால் குறிப்பைப் பார்த்து உரிய ஆளிடம் சேர்ப்பது. குறிப்பில் இல்லாத கோல் வந்தால் பெட்டி எடுக்காது. அது ஒரு வகையில் வீட்டுக்குப் பாதுகாப்பும்தான்.

இதை விளங்கிக்கொள்ளாமல் நானே இரண்டு இரவு நித்திரை முழித்திருக்கிறேன். விசுவமடுவில் ஒரு அண்ணை. அவருடைய தம்பி லண்டனில் இருந்து பணம் அனுப்பி, வீட்டுக்கும் தென்னங்காணிக்கும் நான்கு கமரா பூட்டச் சொன்னார். அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், ரவுட்டரில் ஒரு கதவு திறந்துவிட்டால் வெளியில் இருந்து நேரே கமராவுக்கு வரலாம் என்று. கொப்பியில் முன்கூட்டியே “இந்த இலக்கத்தில் வருகிற கோல் எல்லாம் கமராவுக்கு” என்று எழுதிவைப்பது போல. அது உண்மைதான், செய்யலாம். அந்த வீட்டில் இருந்தது சிம் போடுகிற 4ஜி ரவுட்டர். நான் கதவைத் திறந்தேன். வரவில்லை. வேறு கதவு திறந்தேன். வரவில்லை. கம்பனிக்கு எடுத்தால் உங்கள் ரவுட்டரில்தான் பிழை, புதுசு வாங்குங்கள் என்றார்கள். அண்ணை உழுந்து வித்த காசில் புதுசும் வாங்கினார். அதிலும் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் ரவுட்டரின் ரோட்டு முகத்தில் இருக்கிற முகவரியைச் சரியாகப் பார்த்தேன். 100.82 என்று தொடங்கியது. அதைப் பார்த்திருந்தால் முதல் நாளே விட்டிருப்பேன். 100.64 இல் இருந்து 100.127 வரைக்கும் உள்ள முகவரிகள் உலகத்துக்குத் தெரிகிற முகவரிகள் இல்லை. 2012 இல் கம்பனிகள் தங்களுக்குள் பாவிக்க என்று ஒதுக்கி வைத்தவை. அதாவது எங்கள் வீட்டுக் கொமினிகேசன் கடைக்கு மேலே கம்பனி இன்னொரு பெரிய கொமினிகேசன் கடை வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே முகவரியில் வெளியே போகின்றன. என் கொப்பியில் நான் எழுதலாம், அந்தப் பெரிய கடையின் கொப்பியில் எழுத எனக்கு உரிமை இல்லை. லண்டனில் இருந்து வருகிற கோல் அங்கேயே நின்றுவிடும்.

கம்பனிகள் இதை ஆசைக்குச் செய்யவில்லை. பழைய முறையில் மொத்த உலகத்துக்கும் இருப்பது ஏறக்குறைய 430 கோடி முகவரிதான். 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு முடிந்தது, அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசுபிக் பகுதிக்கான கையிருப்பும் ஏறத்தாழ முடிந்துவிட்டது. எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு நெற் வந்ததே அதற்குப் பிறகு. பந்திக்குப் பிந்திப் போனவர்களுக்கு இலை கிடைக்காத மாதிரி ஒரு முகவரியைப் பலர் பங்கிட வேண்டி வந்தது. அதெல்லாம் சரி. ஆனால் “எங்கட லைனில வெளியில இருந்து நேர வர ஏலாது” என்று ஒரு வசனம் அந்த அண்ணைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் புது ரவுட்டர் வாங்க வைத்தது எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அது அவருடைய ஒரு போகத்துக் காசு.

கடைசியில் எப்படிச் சரிவந்தது என்றால், கமராவே வெளியே போய் அதைச் செய்த கம்பனியின் சேர்வரோடு தொடர்பு பிடித்து வைத்துக்கொள்ளும், லண்டன் தம்பியின் போனும் அதே சேர்வருக்குப் போகும், இரண்டும் அங்கே சந்திக்கும். உள்ளே இருந்து வெளியே போனால் கொப்பியில் தானாகக் குறிப்பு விழுந்துவிடுகிறது அல்லவா, அந்த வழி. சில கம்பனிகள் மாதம் தனிக் காசுக்கு நிலையான முகவரி தருவார்கள், உண்மையாகத் தேவையென்றால் கேட்கலாம். ஐபிவி6 என்கிற புது முகவரி முறை பரவினால் இந்தத் தட்டுப்பாடே இருக்காது. கமரா பூட்ட ஆசைப்படுகிற யாரும் சாமான் வாங்குவதற்கு முதல் ரவுட்டரின் ரோட்டு முக முகவரி என்ன எண்ணில் தொடங்குகிறது என்று ஒரு தடவை பாருங்கள். 100.64 இல் இருந்து 100.127 க்குள் இருந்தாலோ, 10 இல் தொடங்கினாலோ கதவு திறக்கிற வேலையில் இறங்காதீர்கள்.

வேகத்தைப் பற்றி. கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி, பகலில் நன்றாக இருக்கிறது, இரவு எட்டு மணிக்குப் பிறகு ஏன் சுத்துது என்பது. இதற்கு இரணைமடுவைப் பார்த்தாலே போதும். குளத்தில் தண்ணீர் இவ்வளவுதான், வாய்க்கால் இவ்வளவுதான், கடைசி வயல்காரனுக்கும் போய்ச் சேர வேண்டும். இப்போது பரவலாக இருக்கிற ஃபைபர் முறையில் ஒரு நூல் கீழ்நோக்கித் தருவது செக்கனுக்கு 2.5 கிகாபிட் அளவு, அதாவது 2,500 மெகாபிட், மேல்நோக்கி அதன் பாதி. அதை 64 வீட்டுக்குப் பிரித்து ஒவ்வொருவருக்கும் 100 மெகாபிட் என்று விற்றால், எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால் 6,400 வேண்டும், இருப்பது 2,500 தான். எல்லாரும் ஒரே நேரத்தில் முழுசாக இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் விற்கிறார்கள், அது நியாயமான நம்பிக்கைதான், பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். மேல்நோக்கிப் போகிற ஒளிக்கு முறையும் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுப் பெட்டி ஒளி அனுப்பும்போது மற்ற வீட்டுப் பெட்டிகள் பேசாமல் இருக்கும், நிலையம் சொன்ன நொடித்துண்டில் மட்டும் தன் முறை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை பார்த்து இரவு இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போய் நிற்கிற எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

4ஜி ரவுட்டர் வைத்திருக்கிற உட்கிராமங்களில் இறுக்கம் இன்னும் கூட. ஒரு கோபுரத்தின் ஒரு பக்கத்தை நம்பி இருக்கிற எல்லாப் போனும் எல்லா ரவுட்டரும் அதே அலைவரிசையைத்தான் பங்கிடுகின்றன. இரவு எட்டுக்கு ஊரே நாடகம் பார்க்கும்போது சுற்றாமல் என்ன செய்யும்?

எனக்கு ஒரு விசயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. சிறுபோகத்துக்கு முதல் கூட்டம் வைக்கிறார்கள். குளத்தில் இத்தனை அடி தண்ணீர் இருக்கிறது, இதற்கு இத்தனை ஏக்கர்தான் செய்யலாம் என்று கமக்காரர் முன்னால் சொல்கிறார்கள். சண்டை வரும், சத்தம் வரும், ஆனால் கணக்கு எல்லாருக்கும் தெரியும். நெற் விற்கிறவர்கள் இந்தக் கணக்கை எங்களுக்குச் சொல்வதில்லை. இந்தக் கோபுரத்தை எத்தனை வீட்டுக்கு விற்றிருக்கிறோம், இரவில் ஆளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பக்கேஜ் நோட்டீசில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? காசு கட்டுகிற எங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

சரி, வேகக் குறைவு யார் பக்கம் என்று கண்டுபிடிப்பது இலகு. லப்டொப்பை வயரால் நேரே ரவுட்டரில் கொழுவி, விடிய ஐந்து மணிக்கு ஒரு தரம், இரவு ஒன்பதுக்கு ஒரு தரம் வேகம் பாருங்கள். நேரத்துக்கு நேரம் மாறினால் ரோட்டுப் பக்கம். வயரில் நன்றாக இருந்து, அறைக்கு அறை மாறினால் வீட்டுப் பக்கம், வைஃபைதான். வைஃபை என்றால் பெட்டியை இடம் மாற்றுங்கள். இரும்பு அலுமாரிக்கு மேலேயோ, பாத்திர ராக்கைக்குப் பின்னாலோ, சாமிப்படத்துக்குக் கீழே மூலையிலோ வைக்காமல் வீட்டின் நடுவில், நெஞ்சு உயரத்தில். 5 என்று பெயர் வருகிற வைஃபை வேகம் கூட, தூரம் குறைவு. 2.4 தூரம் போகும், சுவர் தாண்டும், ஆனால் அயல் வீடுகளோடு இடிபடும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களில்தான் நான் இதைச் சரியாகக் கவனித்தேன். கோபுரத்தின் பற்றரி இறங்க 4ஜி படுத்துவிடும், ஆனால் ஃபைபர் வீடுகளில், ரவுட்டருக்கு மட்டும் பற்றரி கொடுத்தால் நெற் ஓடியது. வழியில் உள்ள பிரிப்பானுக்குக் கரண்ட் தேவையில்லை என்று மேலே சொன்னேனே, அதுதான் காரணம். நிலையத்தில் ஜெனரேற்றர் ஓடினால் சரி. பல ரவுட்டர்கள் 12 வோல்ற்றில் ஓடுகின்றன, அதற்கென்றே சின்ன யுபிஎஸ் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது உங்கள் அடப்ரரில் எத்தனை வோல்ற், எத்தனை அம்பியர் என்று எழுதியிருப்பதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 9 வோல்ற் பெட்டிக்கு 12 ஐக் கொழுவிக் கருகிப்போனவை என் கடையில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. கரண்ட் வந்ததும் உடனே நெற் இல்லை என்று நிப்பாட்டி நிப்பாட்டிப் போடாதீர்கள். ஒளி பிடித்து, அடையாளம் சொல்லி, முகவரி வாங்க இரண்டு மூன்று நிமிசம் வேண்டும். இடையில் நிறுத்தினால் முதலில் இருந்து தொடங்கும்.

ஐப்பசி கார்த்திகை இடி மின்னலுக்கும் ஒரு சொல். பழைய செம்புத் தொலைபேசி லைன் மின்னலை வீட்டுக்குள் கொண்டுவரும், கண்ணாடி நூல் கொண்டுவராது. ஆனால் அடப்ரர் வழியாகக் கரண்ட் லைனில் வரும். வானம் முழங்கத் தொடங்கினால் அடப்ரரைக் கழற்றிவிடுங்கள்.

கம்பனியின் கை எங்கள் பெட்டிக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. தூரத்தில் இருந்தே ரவுட்டரைத் திறந்து அமைப்பு மாற்ற, புது மென்பொருள் ஏற்ற அவர்களிடம் வழி உண்டு. அதனால்தான் சில பிரச்சினைகளை ஆள் வராமலே சரியாக்குகிறார்கள், நல்ல விசயம். ஆனால் அந்த வழியைச் சரியாகப் பூட்டாவிட்டால் வேறு ஆட்களும் தட்டிப் பார்ப்பார்கள். 2016 நவம்பரில் ஜேர்மனியில் அந்தக் கதவைக் குறிவைத்து நடந்த தாக்குதலில் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் வீட்டு ரவுட்டர்கள் பாதிக்கப்பட்டன. அந்தக் கதவைப் பூட்ட வேண்டியவர்கள் கம்பனிதான். எங்கள் பக்கம் செய்யக்கூடியது, பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கிற கடவுச்சொல்லை, வைஃபைக்கு உள்ளதையும் ரவுட்டருக்குள் போவதற்கு உள்ளதையும், இரண்டையும் மாற்றுவது. படத்தோடு அந்த ஸ்ரிக்கரை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பாமல் இருப்பதும்.

எல்லா லைற்றும் பச்சை, வேகமும் இருக்கிறது, ஒரு செயலி மட்டும் திறக்கவில்லை என்றால் அது இந்த இரண்டு முகத்துக்கும் அப்பால். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கியபோது என் கடைக்கு மத்தியானத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் ரவுட்டரோடு வந்தார்கள். ஒருவருடையதிலும் பிழை இல்லை. கம்பனிகளுக்கு உத்தரவு வந்திருந்தது, அவர்கள் அடைத்திருந்தார்கள். எங்கள் நெற்றின் படலை எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது.

மாமி கதைக்கு வருகிறேன். அன்றைக்கு அலுமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு மரத்துண்டை வைத்து ஆணி அடித்தேன், இனி எவ்வளவு தள்ளினாலும் வயரில் போய் இடிக்காது. மாமி ஒரு மட்டையைக் கொண்டுவந்து, எந்த லைற் எரிந்தால் என்ன என்று எழுதித் தரச் சொன்னார். எல்ஓஎஸ் சிவப்பு என்றால் வயரைப் பார், மடிப்பு இல்லை என்றால் ரோட்டுப் பக்கம். ஒளி பச்சை, இன்ரநெற் இல்லை என்றால் பில்லைப் பார். அடியில் கம்பனி நம்பரும் அவருடைய வாடிக்கையாளர் இலக்கமும். அதைச் சாமியறைக் கதவில் ஒட்டினார், அங்கேதான் அவர் கண்ணில் படுமாம்.

போன கிழமை காற்று அடித்த இரவுக்கு அடுத்த நாள் விடியவே கோல் வந்தது.

“தம்பி, நீ வர வேண்டாம். சிவப்பு லைற் எரியுது. வயரப் பாத்தன், மடியேல்லை. முன்வீட்டுப் பிள்ளையிட்டையும் கேட்டன், அங்கையும் சிவப்பாம். ரோட்டால போய்ப் பாத்தா வேப்பங்கொப்பு முறிஞ்சு லைனுக்கு மேல கிடக்கு. இது எங்கட பக்கம் இல்லை, ரோட்டுப் பக்கம். கம்பனிக்கு எடுத்து அப்பிடியே சொல்லிட்டன்.”

“பாஸ்வேர்ட் மாத்தச் சொன்னவையே மாமி?”

“இல்லையடா. எந்தத் தூணுக்குக் கிட்ட எண்டு கேட்டவை.”

பின்னேரம் மூன்று மணிக்கு ஏணியோடு ஆட்கள் வந்தார்களாம். மாமி தேத்தண்ணி ஊத்திக் கொடுத்திருக்கிறார்.